அகப்பையைப் பிடித்த கை

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது நம் பழமொழி. இல்லாதவன் வீட்டைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயின் ஏழைகளுக்கென்று அரசோ அறநிறுவனமோ நடத்தும் விடுதிகளில் அது எப்போதும் மெய்யாவதில்லை. அங்கே சட்டி நிறைந்திருக்கும். கணக்குப் புத்தகமும் நிறைந்திருக்கும். அகப்பையில் வருவது மட்டும் குறைந்திருக்கும். சட்டிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு கை இருக்கிறது. அந்தக் கையைப் பற்றி இலக்கியம் என்ன சொல்லியிருக்கிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு இரண்டு நாவல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடராக வெளியிட்ட 'ஆலிவர் டுவிஸ்ட்'. மற்றது, சு. வெங்கடேசன் எழுதி 2008-இல் வெளிவந்து, 2011-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற 'காவல் கோட்டம்'. முன்னது இங்கிலாந்தின் ஏழையர் இல்லத்தில் தொடங்குகிறது. பின்னது மதுரையின் கதை. அதில் வரும் தாதனூரை, சமணர் மலையடிவாரத்துக் கீழக்குயில்குடியின் நிழலாகவே மதுரை வாசகர் பலர் காண்கின்றனர். அளவிலும் நோக்கிலும் வேறுபட்ட இவ்விரு நூல்களையும் ஒரே கட்டுரையில் வைப்பதற்குக் காரணம் உண்டு. உதவி நாடி வருபவனை முதலில் ஐயுற வேண்டும் என்ற விக்டோரியா அரசி காலத்து ஆட்சிக் கொள்கை இரண்டின் பின்னணியிலும் நிற்கிறது. அக்கொள்கை இங்கிலாந்தில் சோதிக்கப்பட்டுச் சென்னை மாகாணம் வரை பயணம் செய்தது. கீழக்குயில்குடி அதை வேறோர் உருவில் அனுபவித்தது.

பம்பிளின் இல்லம்

'ஆலிவர் டுவிஸ்ட்' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே காட்சி. பசித்த சிறுவன் கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்கிறான்; கேட்ட குற்றத்துக்காக அடைத்துவைக்கப்படுகிறான். நாவலை முழுவதும் படியாதவர்கூட அறிந்த காட்சி இது.

இதன் பின்னால் 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம் இருக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு பங்கும் தன் எல்லைக்குட்பட்ட ஏழைகளுக்குப் பெரும்பாலும் அவர்கள் வீட்டிலேயே உதவி வந்தது. புதிய சட்டம் பங்குகளை ஒன்றியங்களாக இணைத்தது. உடல் வலுவுள்ள ஏழைக்கு உதவி வேண்டுமாயின், அவன் குடும்பத்தோடு 'ஒர்க் ஹவுஸ்' எனப்பட்ட உழைப்பில்லத்துக்குள் வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். உள்ளே வந்ததும் கணவன் ஒரு பகுதிக்கும் மனைவி ஒரு பகுதிக்கும் பிள்ளைகள் வேறொரு பகுதிக்கும் பிரிக்கப்பட்டனர். இல்லத்துள் கிடைக்கும் வாழ்வு, வெளியே உழைத்துப் பிழைக்கும் மிக எளிய கூலியாளின் வாழ்வைவிடத் தாழ்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அடிப்படை விதி. வேறு வழியே அற்றவன் மட்டும் கதவைத் தட்டுவான் என்று சட்டம் இயற்றியோர் கணக்கிட்டனர்.

இவ்வில்லத்தை நடத்தியவர்களாக டிக்கன்ஸ் காட்டும் மாந்தரைச் சற்று உற்றுநோக்குவோம். குழந்தைகளை வளர்க்கும் திருமதி மான், வாரந்தோறும் தலைக்கு இவ்வளவு என வரும் பணத்தில் பெரும்பகுதியைத் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறாள். செவிலிப் பணி செய்யும் கிழவி சாலி, பிரசவத்தில் இறந்த ஆலிவரின் தாயிடமிருந்து நகையைத் திருடுகிறாள். சாலி சாகும்போது அவள் கையில் இருந்த அடகுச் சீட்டு மேட்ரன் திருமதி கார்னியின் கைக்குப் போகிறது. பங்குச் சேவகர் பம்பிள், கார்னியின் வெள்ளிக் கரண்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டே அவளை மணக்கிறார். மணந்து இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆகிறார். திருட்டு ஒரு கையிலிருந்து மறு கைக்குப் படியேறிச் செல்வதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய நாவலாசிரியர் அக்காலத்தில் வேறெவரும் இலர் எனலாம்.

ஆயின் பணியாளர்களுக்கிடையே எழும் பூசலை டிக்கன்ஸ் எவ்வாறு கையாளுகிறார்? மணமான சில வாரங்களிலேயே மனைவி பம்பிளை அடித்து விரட்டுகிறாள். துணி துவைக்கும் ஏழைப் பெண்களின் முன்னிலையில் அவரைச் சிறுமைப்படுத்துகிறாள். படிப்போர் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். இறுதியில் இருவரும் தாங்கள் ஆண்ட இல்லத்திலேயே ஏழைகளாய் அடைக்கலம் புகுகின்றனர். இது நல்ல நகைச்சுவை, நல்ல பழிவாங்கலும்கூட. ஆயின் ஒரு நிறுவனத்தின் உள்முரண்பாடு இங்கே கணவன் மனைவி சண்டையாகக் கரைந்துபோகிறது.

இதைக் குறையென்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டிக்கன்ஸின் இல்லத்தில் பணியாளர் அனைவரும் ஒரே துணியில் வெட்டியவர்கள். இது தவறு என்று சொல்லும் ஒருவரும் உள்ளே இல்லை. நன்மை வெளியிலிருந்துதான் வருகிறது. பிரௌன்லோ என்னும் செல்வரின் உருவில் வருகிறது. எனவே நாவலை மூடும் வாசகன், ஏழைக்கு வேண்டியது இரக்கமுள்ள ஒரு கனவான் என்ற முடிவுக்கு வருகிறான். நிறுவனத்துக்குள்ளேயே மனச்சான்று ஒன்று விழித்திருக்கலாம், அது அடிபடலாம், அடிபட்டும் பேசலாம் என்பது அவன் கவனத்துக்கே வருவதில்லை. நாவல் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் நடந்தவற்றைப் பார்த்தால், டிக்கன்ஸ் தவறவிட்ட மாந்தர் யார் என்பது விளங்கும்.

எலும்பும் சாட்சியும்

ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஆண்டோவர் என்னும் சிற்றூர். அங்கிருந்த உழைப்பில்லத்தின் கண்காணிப்பாளர் காலின் மக்டூகல், முன்னாள் படைவீரர். அவர் மனைவி மேட்ரன். உரத்துக்காக எலும்பை இடித்துத் தூளாக்குவது இல்லவாசிகளின் வேலை. பசி தாங்காமல் அவர்கள் அந்த அழுகிய எலும்புகளில் ஒட்டியிருந்த தசையையும் உள்ளிருந்த மச்சையையும் உறிஞ்சித் தின்றனர். அரசு விதித்த உணவளவே குறைவு; அதிலும் ஒரு பகுதி அவர்கள் தட்டுக்கு வந்து சேரவில்லை.

இச்செய்தி வெளியே வந்த வழிதான் நமக்கு முக்கியம். ஒன்றியத்தின் காப்பாளர் குழுவில் ஹியூ மண்டி என்னும் ஓர் உறுப்பினர் இருந்தார். அவர் குழுவில் இதை எழுப்பினார்; குழுவோ அக்கறை கொள்ளவில்லை. அதன்பின் நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் வாக்லியிடம் சென்றார். வாக்லி மருத்துவர்; 'லான்செட்' என்னும் மருத்துவ இதழைத் தொடங்கியவர். 1845 ஆகஸ்டில் செய்தி நாடாளுமன்றத்தை எட்டியது. விசாரணைக்கு அனுப்பப்பட்டவர் துணை ஆணையர் ஹென்றி பார்க்கர். இல்லத்தின் மருத்துவ அலுவலர் வெஸ்ட்லேக், கண்காணிப்பாளர் மீது தம் குற்றச்சாட்டுகளை அவரிடம் முன்வைத்தார்.

விளைவு என்ன? மக்டூகல் பதவி இழந்தார். உண்மையைக் கண்டறியச் சென்ற பார்க்கரையும் அவருடைய மேலதிகாரிகள் பதவி விலகச் செய்தனர். பழியைச் சுமக்க ஒருவர் வேண்டும். மேலே இருப்பவர் சுமக்கமாட்டார். ஆயினும் செய்தி அடங்கவில்லை. 1846-இல் நாடாளுமன்றத் தேர்வுக் குழு விசாரித்தது. 1847-இல் ஏழையர் சட்ட ஆணையமே கலைக்கப்பட்டு, நாடாளுமன்றத்துக்கு விடை சொல்லும் பொறுப்புள்ள வேறோர் அமைப்பு ஏற்பட்டது.

கண்காணிப்பாளருக்கும் மருத்துவருக்கும் இடையே இத்தகைய பூசல் எழுந்தது தற்செயல் அன்று. அது அந்த அமைப்பின் உள்ளேயே இருந்தது. உணவளவைக் கூட்டும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு இல்லை. ஆனால் நோயாளிக்கு இறைச்சியோ பாலோ கூடுதலாகத் தரும்படி மருத்துவர் சீட்டு எழுதலாம். கடுமையான விதியில் இருந்த ஒரே இளகிய இடம் அதுதான். மருத்துவர் எழுதும் ஒவ்வொரு சீட்டும் வரி கட்டுவோரின் செலவு. எனவே காப்பாளர் குழுவுக்கு அவர் மீது எரிச்சல். தம் ஆட்சி எல்லைக்குள் இன்னொருவர் உத்தரவு செல்லுபடியாவதைக் கண்காணிப்பாளரும் பொறுக்கவில்லை.

லண்டன் ஸ்டிராண்ட் ஒன்றியத்தின் உழைப்பில்லத்தில் 1856-இல் மருத்துவ அலுவலராகச் சேர்ந்த ஜோசப் ரோஜர்ஸ் இதை முழுமையாக அனுபவித்தவர். ஆண்டுச் சம்பளம் 50 பவுன். மருந்தின் விலையையும் அதிலிருந்தே கொடுக்க வேண்டும். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற செவிலியர் இல்லை. இல்லத்து ஏழைகளே செவிலியர். கண்காணிப்பாளரோடும் குழுவோடும் பல ஆண்டுகள் மோதிய ரோஜர்ஸ், உள்ளே பேசிப் பயனில்லை என்று கண்டு, லண்டன் உழைப்பில்ல மருத்துவமனைகளின் சீர்திருத்தத்துக்காக 1866-இல் சங்கம் அமைப்பதில் முன்நின்றார். 1867-இல் தலைநகர் ஏழையர் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டே ரோஜர்ஸ் பதவியை இழந்தார். சட்டம் வென்றது, சட்டத்துக்கு வழிகோலியவர் வெளியேறினார்.

ஒரு செய்தியை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ரோஜர்ஸ் பணிபுரிந்த அந்த இல்லம் கிளீவ்லண்ட் தெருவில் இருந்தது. டிக்கன்ஸ் சிறுவனாகவும் பின்னர் இளைஞனாகவும் குடியிருந்த வீடு அதே வீதியில், சில கட்டடங்கள் தள்ளி இருந்ததை அண்மைக்கால ஆய்வாளர் வெளிப்படுத்தியுள்ளனர். அந்த மதிற்சுவருக்கு வெளியே நின்று பார்த்த கண் பசித்த பிள்ளையைக் கண்டது, அதிகாரியைக் கண்டது. உள்ளே மருந்துச் சீட்டை எழுதிவிட்டு அதன் விளைவுக்காகக் காத்திருக்கும் மனிதனை அது காணவில்லை.

தாது வருடத்தின் தராசு

தமிழ்நாட்டில் இக்கதை தாது வருடத்தில் தொடர்கிறது. 1876-இல் பருவமழை பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது. பாட்டிமார் வாய்மொழியில் அப்பஞ்சத்துக்கு அதுவே பெயராயிற்று. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 இலட்சம் பேர் இறந்தனர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. சென்னை மாகாணம் அதில் பெரும்பங்கு துயரைச் சுமந்தது.

1877 ஜனவரியில், வைசிராய் லிட்டன் பிரபு, பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்தும் பொறுப்போடு சர் ரிச்சர்டு டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். டெம்பிள் இயல்பிலேயே கல்நெஞ்சர் என்று எழுதிவிட்டால் கதை எளிதாகிவிடும். ஆயின் உண்மை அத்தனை எளிதன்று. 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இவரே பர்மாவிலிருந்து அரிசியை இறக்குமதி செய்து தாராளமாக வழங்கினார்; சாவு மிகக் குறைவாகவே இருந்தது. அதற்காக அவர் பாராட்டப்படவில்லை. அரசுப் பணத்தை வீணடித்தவர் என்ற ஏச்சையே பெற்றார். அந்த ஏச்சைச் சுமந்துகொண்டுதான் அவர் தெற்கே வந்தார். நிவாரண வேலைத்தளத்தில் நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதனினும் குறைவு. 'டெம்பிள் கூலி' என்று அது பெயர்பெற்றது. ஏழை தன் ஊரருகே வேலை பெறாமல் தொலைவு நடந்து வரவேண்டும் என்ற சோதனையும் சேர்ந்தது. 1834-இன் கருத்து இங்கே வெயிலில் நின்றது. உண்மையாகவே பசித்தவன் மட்டும் வருவான் என்ற அதே கணக்கு. ஆனால் இங்கே அவன் நடந்து வருமுன் வழியிலேயே விழுந்து சாகலாம்.

இந்த இடத்தில்தான் ஆண்டோவரின் வெஸ்ட்லேக்கைப் போல ஒருவர் தோன்றுகிறார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ், இவ்வளவு உணவு உழைக்கும் உடலைக் காக்காது என்று எழுத்தில் மறுத்தார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு, ஏறத்தாழ 680 கிராம் தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். அவருடைய வாதத்தில் இரக்கச் சொற்களைவிட அளவைகளே மிகுதி. உழைக்கும் மனிதனுக்கு என்ன தேவை, எந்த அளவில் உடல் தேயத் தொடங்கும் என்று ஒரு மருத்துவருக்குரிய முறையில் அவர் வழக்காடினார். டெம்பிளும் விடாமல் பதில் எழுதினார்.

இதைத் தனிமனிதர் இருவரின் செருக்குப் போராக மட்டும் காண்பது தவறு. நிர்வாகத்தின் உள்ளே இரண்டு கேள்விகள் மோதின. எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்பது ஒன்று. எவ்வளவுக்குக் குறைந்தால் மனிதன் சாவான் என்பது மற்றொன்று. முதற்கேள்வியைக் கேட்டவர் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். இரண்டாவதைக் கேட்டவர் வேலைத்தளத்து உடல்களைப் பார்த்துக் கேட்டார். 1877-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு கூலியைக் கூட்டி, ஏறத்தாழ 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்பும் என்று திருத்தியது. கார்னிஷ் கேட்டதற்கும் டெம்பிள் கொடுத்ததற்கும் சரிபாதி. அது அரை வெற்றிதான். ஆயின் அந்த 120 கிராம் வேறுபாடு எத்தனை வீடுகளில் உயிராக நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். டெம்பிளோ அதே ஆண்டில் பம்பாய் மாகாணத்தின் ஆளுநரானார். தாராளத்துக்கு ஏச்சும் சிக்கனத்துக்குப் பதவியும் கிடைக்கும் என்று ஒரு நிர்வாகம் தன் ஊழியருக்குக் கற்றுக்கொடுத்தால், அகப்பை தானாகவே சிறுக்கும்.

காவல் கோட்டத்தில் விழும் ஒளி

இவ்வளவையும் மனத்தில் கொண்டு 'காவல் கோட்டம்' நாவலுக்கு வருவோம். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய இப்பெருநாவல் வெளிவந்தபோது பாராட்டும் கடும் மறுப்பும் ஒருங்கே பெற்றது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளின் மதுரையை அது தன் களமாகக் கொள்கிறது. கோட்டை எழுவதும், ஆங்கிலேயர் ஆட்சியில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அது இடிக்கப்படுவதும், இரவுக் காவல் புரிந்த கள்ளர் கையிலிருந்து நகரக் காவல் போலீசிடம் போவதும், தாது வருடப் பஞ்சமும் அதில் உண்டு.

நம் பொருளுக்கு இந்நாவல் தரும் பெருங்கொடை ஒன்று உண்டு. ஊரின் காவலை இரண்டு தரப்பார் உரிமை கொண்டாடும் பூசலை அது உள்ளிருந்து காட்டுகிறது. ஊர்க்காவலன் கூலியும் உரிமையும் மானமும் சேர்ந்த ஒரு மரபில் நிற்கிறான். பொருள் களவு போனால் ஈடு செய்வது அவன் கடமை. புதிய போலீஸ்காரன் சம்பளமும் சீருடையும் மேலதிகாரியும் உடையவன். ஒருவன் இருக்கும்வரை மற்றவனுக்கு வேலை இல்லை. பழைய பணியாளனை நீக்க வேண்டுமானால் அவனைக் குற்றவாளி ஆக்குவதே எளிய வழி என்னும் ஆட்சித் தந்திரத்தை இந்நாவல் அளவுக்கு விரிவாகச் சொன்ன தமிழ்ப் புனைவு அரிது.

பஞ்சத்தைச் சொல்லும்போது நாவல், தன் சொத்தை எல்லாம் விற்றுக் கஞ்சி வார்த்ததாக மதுரை மக்கள் நினைவுகூரும் குஞ்சரத்தம்மாளுக்கு இடம் தருகிறது. சமூகம் இழிவாய்ப் பார்த்த குலத்தில் பிறந்த ஒரு பெண்ணின் அகப்பை அளவு பார்க்கவில்லை என்பதை நாவலாசிரியர் நம் நெஞ்சில் பதிக்கிறார். இது உயர்ந்த கலை. ஆயினும் திறனாய்வாளன் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். ஒருபுறம் வள்ளன்மை, மறுபுறம் முகமற்ற அரசு, இவ்விரண்டுக்கும் நடுவே அரசு அலுவலக மேசையில் நடந்த வழக்கு எங்கே? கஞ்சித் தொட்டிக்குத் தானியத்தை அளந்துவிட்ட குமாஸ்தா எங்கே? அளவு போதாதென்று அறிந்தும் கையொப்பமிட்டவர், போதாதென்று எழுதிவிட்டு ஏச்சு வாங்கியவர் எங்கே? நாவலின் ஒளி விழும் இடம் அதுவன்று.

டிக்கன்ஸிடம் பிரௌன்லோ இருந்த இடத்தில் நம் நாவலில் குஞ்சரத்தம்மாள் நிற்கிறாள். பிரௌன்லோவைவிட அவள் ஆயிரம் மடங்கு உயிருள்ளவள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நன்மை மீண்டும் நிறுவனத்துக்கு வெளியேதான் நிற்கிறது. வள்ளலைப் பாடுவது நம் நெடுங்கால மரபு. புரவலரின் கொடையைப் பாடிய அளவுக்கு அக்கொடையை ஏழையின் கையில் சேர்க்கும் கணக்கனை, சமையற்காரனை, வாயிற்காவலனை நாம் பாடவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டும் என்று பழமொழியில் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பூசாரியின் உள்ளத்தில் நடக்கும் போராட்டம் நமக்குக் காவியப் பொருளாகத் தோன்றவில்லை.

மதிலில்லாத விடுதி

நாவலிலிருந்து ஊருக்கு வருவோம். மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டை அருகே, சமணர் மலையின் அடிவாரத்தில் கீழக்குயில்குடி இருக்கிறது. மலையில் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் சமணச் சிற்பங்கள். கீழே தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கு கொடைகளையும் போற்றிய சமயத்தார் தவம் புரிந்த மலை அது. அதன் நிழலில் வாழ்ந்த மக்கள்மீது 1914-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. மதுரை வட்டாரத்தில் அச்சட்டத்தின் சுமையை முதலில் ஏற்ற ஊர் இதுவே.

வட இந்தியாவில் 1871-இல் பிறந்த அச்சட்டம், 1911-இல் திருத்தப்பட்டபின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குலத்தை வைத்தே ஒருவன் பதிவேட்டில் ஏறினான், கைரேகை எடுக்கப்பட்டது. மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். பதிவு செய்யப்பட்டவர் குறித்த இடத்தில் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். ஊரைவிட்டுப் போகச் சீட்டு வேண்டும். சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுமையும் இதன் கீழ் வந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் 16 பேர் உயிர்நீத்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அச்சட்டம் நீங்கியது.

இது உழைப்பில்லம் அன்றே என்று கேட்கலாம். மதில் இல்லை என்பது உண்மை. ஆயின் பெயரழைப்பு உண்டு, சீட்டு உண்டு, பதிவேடு உண்டு, மேற்பார்வையிடும் பணியாளர் உண்டு, திருத்துவதற்காகவே செய்கிறோம் என்ற விளக்கமும் உண்டு. ஓர் ஊர் தன் வீடுகளோடும் வயல்களோடும் விடுதியாக மாற்றப்பட்டது எனலாம். பின்னர்க் கள்ளர் சீரமைப்பு என்னும் பெயரில் பள்ளிகள் தோன்றின. அப்பள்ளிகள் தலைமுறைகளுக்கு எழுத்தறிவு தந்ததை மறுக்கலாகாது. கண்காணிக்கும் கையும் கற்பிக்கும் கையும் ஒரே உடம்பில் இருந்தன.

ஆண்டோவருக்கும் கீழக்குயில்குடிக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அதுவே இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது. ஆண்டோவரில் ஒரு காப்பாளருக்கு நாடாளுமன்றத்தின் கதவு திறந்திருந்தது. சென்னையில் ஒரு மருத்துவர் தம் மறுப்பை எழுதவும் அதற்குப் பதில் பெறவும் முடிந்தது. குற்றப் பரம்பரைச் சட்டமோ, ஒரு குலத்தைக் குற்றப் பரம்பரை என அரசு அறிவித்தபின் அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது என விதித்தது. மறுப்புக்கான கதவைச் சட்டமே சாத்திவிட்டது. கதவு சாத்தப்பட்ட இடத்தில் ஏட்டும் கிராம அதிகாரியும் ஆசிரியரும் என்ன நினைத்தாலும், அந்நினைவு எந்தக் கோப்பிலும் ஏறாது. ஒரு வெஸ்ட்லேக் அங்கே பிறந்திருந்தாலும் அவர் எழுதும் சீட்டுக்கு மதிப்பில்லை. கண்காணிப்பாளரும் மருத்துவரும் சண்டையிடும் விடுதியில் ஏழைக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. எல்லாரும் ஒரே குரலில் பேசும் விடுதியே அஞ்சத்தக்கது.

நம் இல்லங்களும் நம் எழுத்தும்

பணியாளர் பூசல் என்றாலே நிர்வாகத்துக்கு இழுக்கு என்று நாம் கருதிப் பழகிவிட்டோம். நம் மறைமாவட்டங்களில் பங்குகளும் துறவற சபைகளும் பொதுநிலையினரின் சங்கங்களும் நடத்தும் முதியோர் இல்லங்கள், சிறார் விடுதிகள், மருந்தகங்கள் எத்தனையோ உள. அவற்றின் ஆட்சிக் குழுக்களில் இவ்விதழைப் படிப்போர் பலர் அமர்ந்திருப்பர். ஆண்டறிக்கையில் ஒற்றுமையாகச் செயல்பட்டோம் என்று எழுதப்படும்போது நாம் மகிழ்கிறோம். எல்லாப் பூசலும் அறப்போர் அன்று. பதவிக்காகவும் பொறாமைக்காகவும் எழும் சண்டைகளே மிகுதி. அவற்றைப் பிரித்தறியச் சில கேள்விகள் உதவும். பூசல் யாருடைய தட்டைப் பற்றியது? குறை சொன்னவர் சொன்ன பிறகும் பணியில் இருக்கிறாரா? சமையலறையில் நிற்பவர் பாலில் தண்ணீர் கூடுகிறது என்று சொல்ல விரும்பினால், கண்காணிப்பாளரைத் தாண்டி அவர் போகக்கூடிய கதவு எது? சிக்கனம் செய்த பொறுப்பாளரைப் பாராட்டும் குழு, அச்சிக்கனம் எந்த வாயிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டதுண்டா? நன்கொடையாளரின் பெயர் பொறித்த கல்லைச் சுவரில் பதிக்கும் நாம், அகப்பை பிடிப்பவரின் சொல்லைக் குறிப்பேட்டில் பதிக்கவும் கடமைப்பட்டவர்கள்.

இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. பசித்தவனை டிக்கன்ஸ் எழுதினார்; வேட்டையாடப்பட்ட ஊரைச் சு. வெங்கடேசன் எழுதினார். இருவருக்கும் நாம் நன்றி உடையோம். இன்னும் எழுதப்படாமல் இருப்பவன் நடுவில் நின்றவன். கீழக்குயில்குடியில் அரிக்கேன் விளக்கின் ஒளியில் ஒவ்வொரு பெயராக அழைத்து, வந்தவனுக்கு எதிரே ஒரு கோடு இழுத்த கையைக் கற்பனை செய்து பாருங்கள். அந்தக் கைக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். சம்பளத்தை நம்பிய பிள்ளைகள் இருந்திருப்பர். காய்ச்சலால் வராதவனை வந்ததாகக் குறித்த இரவு ஒன்று அதற்கு வாய்த்ததா, அல்லது ஒருநாளும் அது நடுங்காமலே எழுதியதா? அரசுக் கோப்பு இதற்கு விடை தராது. அந்த இரவை எழுதிக் காட்டவேண்டியவர் ஒரு தமிழ் நாவலாசிரியர்.